டிக்கோயாவுக்கு ஒரு டின் வடகம்

இலங்கைக்குப் போகிறவர்கள் பட்டுப்புடவை கொண்டுபோவார்கள், சாமி படம் கொண்டுபோவார்கள், கும்பகோணம் வெற்றிலை கொண்டுபோவார்கள். நான் ஒரு டின் வடகம் கொண்டுபோனேன். பிஸ்கட் வந்த பெரிய சதுர டின். மூடியைச் சுற்றி என் மனைவி துணி கட்டினாள், துணிக்கு மேல் சணல் கட்டினாள், சணல் முடிச்சின் மேல் மெழுகும் ஊற்றினாள். அப்படியும் வாசனை வந்துகொண்டேதான் இருந்தது. எங்கள் தெரு முனையில் ஜட்காக்காரர் டின்னை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை உங்க மடியிலயே வச்சுக்குங்க சாமி, குதிரை மெரளும்" என்றார். பயணம் எப்படி இருக்கப்போகிறது என்பது அங்கேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

கூழ் பிழிந்து காயவைத்துப் பொரித்துத் தின்கிற வடகம் இல்லை இது. தாளிக்கிற வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாகத் தட்டி, கடுகு, சீரகம், வெந்தயம், உடைத்த உளுந்து, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து உருட்டி, கத்திரி வெயிலில் காயவைக்க வேண்டும். சாயங்காலம் எடுத்து மறுபடி பிசைந்து மறுபடி உருட்ட வேண்டும். மறுநாள் மறுபடி வெயில். உருண்டை கல்லாக இறுகுகிறவரை இந்தக் கூத்து நடக்கும். கடைசியில் விளக்கெண்ணெய் தடவிப் பானையில் போட்டு வைத்தால் வருஷம் முழுக்கக் கெடாது. ஒரு கிள்ளு எடுத்து எண்ணெயில் பொரித்துக் குழம்பில் கொட்டினால் நாலு வீடு தாண்டி மணக்கும். துறையூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டு வடகத்துக்கு ஒரு பக்குவம், அடுத்த வீட்டுக்கு ஒரு பக்குவம். அவரவர் வடகம்தான் அவரவருக்கு உசத்தி. இதெல்லாம் சரிதான். ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டவேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

தாண்ட வைத்தவர் ஒரு சம்பந்தியம்மாள். என் அக்காள் காமாட்சி வாழ்க்கைப்பட்டது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். மச்சான் அங்கே தேயிலை ஆலையில் வேலை. ஒரே மகள் செல்லம். அவளுக்குக் கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மாப்பிள்ளை கூடி வந்தது. பையனுக்குப் பிடித்தது, செல்லத்துக்கும் பிடித்தது. பையனின் தாயார் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். பெண்ணின் தாய்மாமன் ஊரிலிருந்து நேரில் வரவேண்டும். வரும்போது அவர்கள் வீட்டு வடகம் கொண்டுவரவேண்டும். தட்டில் அதைப் பார்த்த பிறகுதான் வெற்றிலை மாற்றுவாராம். இதற்கு முன்னால் வந்த ஒரு இடம், "இவங்களுக்கு ஊர்ல யாரும் கெடையாது போல" என்று சொல்லிக் கைகழுவிவிட்டுப் போயிருந்தது. இதுவும் தட்டிப்போனால் செல்லம் அப்படியே நின்றுவிடுவாள் என்று அக்காள் அழுததாக, தோட்டத்திலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் வந்து சொன்னார்.

நான் திருச்சியில் ஒரு அச்சாபீசில் பிழை திருத்துகிறவன். நாள் முழுக்க அடுத்தவர் தப்பைத் தேடுகிற வேலை. கோபம் கூடவே பிறந்த குணம், வேலை அதற்குத் தீனி போட்டு வளர்த்துவிட்டது. லீவு கேட்டபோது முதலாளி எதற்கு என்று கேட்டார். வடகம் கொடுக்க என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

கப்பலுக்கு முன்னால், நோய் எதுவும் கூட ஏறிவிடக்கூடாது என்று ஒரு முகாமில் அடைத்துப் போட்டார்கள். துணிமணிகளை எல்லாம் ஆவியில் வைத்து எடுப்பது அங்கே வழக்கம். என் டின்னையும் ஆவியில் வைக்கவேண்டும் என்றான் ஒரு சிப்பந்தி. "வைத்தால் இங்கேயே குழம்பாகிவிடும், சோறு கொண்டு வா" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய மேலதிகாரி வந்து, முகர்ந்து, பின்வாங்கி, "இதில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது, விட்டுவிடு" என்று தீர்ப்புச் சொன்னார். கப்பலில் அலையடித்தபோது வாந்தி எடுத்தவர்கள் எல்லாரும் அலையை விட்டுவிட்டு என்னைத்தான் முறைத்தார்கள்.

அக்கரையில் இறங்கிய இடத்தில்தான் உண்மையான கஷ்டம். சோதனை அதிகாரி டின்னைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். கறுப்புக் கறுப்பாக எலுமிச்சை அளவில் உருண்டைகள். "மொகக்த மே?" என்றார். இது என்ன என்று அர்த்தமாம். பக்கத்தில் நின்ற சுமைகூலி ஒருவர் மொழிபெயர்க்க ஆரம்பித்தார்.

"உள்ள என்னா ஒளிச்சிருக்குன்னு ஐயா கேக்குறாரு."

"வெங்காயம்."

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி நீளமாக ஏதோ பேசினார்.

"சிலோன்ல வெங்காயம் இல்லையான்னு கேக்குறாரு. இருக்குற வெங்காயத்த விட்டுட்டு, வெங்காயத்த உருட்டிக் கருக்கிக் கப்பல்ல கொண்டாற ஆளு உண்டான்னு கேக்குறாரு. தங்கத்த உள்ள வச்சு உருட்டியிருக்கீங்கன்னு சொல்றாரு."

தங்கம் இருந்தால் நான் ஏன் அச்சாபீசில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை, புத்திசாலி. அதிகாரி பேனாக்கத்தியை எடுத்து உருண்டைகளைப் பிளக்க ஆரம்பித்தார். என் மனைவி வெயிலில் உட்கார்ந்து, காக்கை விரட்டி, திரும்பத் திரும்ப உருட்டி இறுக்கியவை ஒவ்வொன்றாகத் தூளாயின. ஒன்றில் இல்லாத தங்கம் அடுத்ததில் இருக்கும் என்று அந்த மனிதருக்கு என்ன நம்பிக்கை! கடைசியில் விரலை முகர்ந்து பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தார். அதோடு அவருக்குச் சலித்துவிட்டது. டின்னின் அடியில் ஒரு கை உருண்டைதான் முழுசாகப் பிழைத்தது. மற்றதெல்லாம் தூள்.

மறுநாள் மலைக்கு ஏறுகிற ரயில். நல்ல கூட்டம், ஆனால் என்னைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் இருந்தது. எதிரில் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், பெட்டி முழுக்கச் சிரித்தது. என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. இதைவிட எரிச்சல் உலகத்தில் உண்டா? நல்லவேளை, கைக்குழந்தையோடு இருந்த ஒரு சிங்கள அம்மாள் மட்டும் என்னை மனிதனாக மதித்து, இலைப்பொட்டலம் ஒன்றை நீட்டினார். தேங்காய்ப்பாலில் வெந்து இறுகிய சோறு, துண்டு போட்டு வைத்திருந்தது. கூடவே மிளகாயையும் வெங்காயத்தையும் இடித்த சிவப்புச் சம்பல். சோறு நம் வெண்பொங்கலுக்குத் தம்பி மாதிரி சாதுவாக இருந்தது. சம்பல் என் காது வரை போயிற்று. கண்ணில் தண்ணீர் வழிய நான் கையெடுத்துக் கும்பிட்டதை நன்றி என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வைத்தார்.

அந்தக் கண்ணீரோடு வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. மூடுபனி. ஸ்டேஷன் பெயர்ப்பலகை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே புலப்படவில்லை. நான் இறங்கவேண்டிய ஹட்டன் இப்படித்தான் வந்து, இப்படித்தான் போயிருக்கிறது. நான் இறங்கியது நானுஓயாவில்.

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். மார்கழியில் காவேரியில் முங்குகிறவன் என்ற என் பெருமையெல்லாம் பத்தடி நடப்பதற்குள் போய்விட்டது. காப்பி கேட்டேன். காப்பி கிடையாது, தேத்தண்ணிதான் என்றார்கள். பால் இல்லாத கறுப்புத் தேநீர், கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. வாயில் வைத்தால் மரத்தூள் மாதிரி இருந்தது. சுற்றிலும் மலை மலையாகத் தேயிலை நிற்கிறது, கிளாசில் இது!

"நல்ல தேயிலையெல்லாம் கப்பல்ல போயிடும் தம்பி. எங்களுக்குச் சலிச்சு விட்ட தூசுதான்" என்றார் பக்கத்தில் நின்றவர். தொப்பியும் கம்பளிச் சால்வையும் போட்ட முஸ்லிம் வியாபாரி, ஹட்டனில் மளிகைக்கடை வைத்திருப்பவர். இங்கே அவர்களை நானா என்று அழைக்கிறார்கள். என் கதையைக் கேட்டு, இறங்குகிற ரயிலில் தன்னோடு வந்து ஹட்டனில் இறங்கிக்கொள்ளலாம் என்றார். டின்னை ஒரு தரம் பார்த்தார்.

"வடகமா?"

என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கடல் தாண்டிய பிறகு, கேட்காமலே பெயர் சொன்ன முதல் ஆள். தூளாகப் போனதைச் சொன்னேன். "பரவாயில்லை, அக்காள் வீட்டில் மறுபடி பிசைந்து உருட்டி வெயிலில் வைத்தால் சரியாகிவிடும்" என்று நானே எனக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நானா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "என் கடையில எல்லாச் சாமானும் இருக்கு தம்பி. வெயில் மட்டும் இல்லை. இந்த மாசம் முழுக்க எங்கயும் இல்லை" என்றார்.

ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குப் போகிற பஸ் பாதி மேட்டில் நின்றது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளவேண்டும் என்றார் கண்டக்டர். மழையில் தள்ளினோம். பஸ் கிளம்பியது, கிளம்பிய உற்சாகத்தில் நிற்காமல் போயிற்று. உள்ளே என் டின். நான் "வடகம், வடகம்" என்று கத்திக்கொண்டு அந்த வளைவு முழுக்க ஓடினேன். மேட்டின் உச்சியில் நின்று எங்களுக்காகக் காத்திருந்தார்கள். டின்னின் மூடி திறந்து ஒருபக்கமாகக் கிடந்தது, ஒழுகுகிற கூரைக்கு நேர் கீழே.

அக்காள் என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். "என்னாடா இம்புட்டு எளச்சுப் போயிட்ட" என்றாள். நான் இளைக்கவில்லை, நனைந்திருந்தேன். அவர்கள் இருப்பது லயம் என்கிற நீளக் கட்டடத்தில் ஒரு காம்பிரா, அதாவது ஒரே அறை. முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு குட்டித் தாழ்வாரம். இதே மாதிரி அறைகள் முதுகோடு முதுகாக வரிசையாகப் போகின்றன. பக்கத்து அறையில் இருமினால் இந்த அறையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கலாம். செல்லம் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். பார்வை மட்டும் டின்னின் மேல் இருந்தது.

"கொண்டாந்துட்டீங்களா மாமா?" என்றாள். குரலில் அவ்வளவு நம்பிக்கை.

திறந்து காட்டினேன். தூளெல்லாம் ஈரத்தில் சேறாகிக் கிடந்தது. மறுநாள் காலையில் அதன் மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர ஆரம்பித்துவிட்டது. அடியில் இருந்த ஒரு கை உருண்டைதான் விளக்கெண்ணெயின் புண்ணியத்தில் தப்பித்தது. சம்பந்தியம்மாள் அதற்கு மறுநாள் வருகிறார். இவர்கள் வழக்கப்படி தட்டு நிறைய, கோபுரமாகக் குவித்து வைக்கவேண்டுமாம். அரைத்தட்டுக் காட்டினால், பெண்ணின் தாய்மாமன் வீட்டார் பேருக்கு ஏதோ அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தமாகிவிடும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. மச்சான் வேலை செய்கிற ஆலையில் மேல்மாடி முழுக்கத் தேயிலை வாட்டுவதற்குச் சூடான காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. சேற்றை உருட்டி அங்கே ஒரு மூலையில் பரப்பினால் என்ன என்று கேட்டேன். மச்சான் வாயில் போட்ட வெற்றிலையைத் துப்பிவிட்டார்.

"நல்லாக் கேட்டீங்க மச்சான். தேயிலை கூட வச்ச வாசத்தப் புடிச்சுக்கும். தொர ஒரு கரண்டி நாக்குல வச்சாருன்னா பூண்டுன்னு சொல்லிருவாரு. எனக்கு அன்னைக்கே பத்துச்சீட்டு. வேலையும் போச்சு, காம்பிராவும் போச்சு. அப்பறம் கல்யாணத்த எங்க வச்சுப் பண்றது, ரோட்டுலயா?"

அத்தோடு அந்த யோசனை முடிந்தது. அப்போதுதான் அக்காள் அடுப்புக்கு மேலே கையைக் காட்டினாள். கம்பி கட்டித் தொங்கவிட்ட ஒரு மூங்கில் தட்டு, புகையில் கறுத்துப்போய். அதில் உருண்டை உருண்டையாக ஏதோ இருந்தது.

"இது என்ன?"

"வடகந்தாண்டா. நானே வருசா வருசம் செய்றது."

ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள். சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயம். விளக்கெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய். நடுவில் ஏதோ ஒரு பச்சை இலைத் துணுக்கு. ரம்பை இலை, இங்கே எல்லாக் கறிக்கும் போடுவார்களாம். உளுந்து கொஞ்சம், வெந்தயம் நிறைய. வெயிலே படாதது. கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியை மிலாறு என்கிறார்கள். அதை எரித்த புகையில் மாசக்கணக்கில் தொங்கிக் காய்ந்தது. முகர்ந்தால் ரயில் எஞ்சின் வாசனை.

"இதற்கு வடகம் என்று பெயரா?" என்று கத்தினேன்.

"வெயிலக் கொண்டாந்து குடு, ஊரு மாதிரியே செய்றேன்" என்றாள் அக்காள். எனக்குக் கொஞ்சமும் குறையாத கோபக்காரி.

அவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். தட்டில் தன்னுடைய புகை உருண்டைகளைக் குவித்து, அதற்கு மேலே நான் கொண்டுவந்ததை வைத்து மூடிவிட்டாள். கலப்படம் என்றேன். யார் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள் என்றாள். நான் கத்தியது லயம் முழுக்கக் கேட்டிருக்கும். அன்று ராத்திரிச் சோற்றுக்குப் பூசணிக்காய்க் குழம்பு. அதில் தாளித்திருந்தது அந்தப் புகை வடகம்தான். நன்றாகத்தான் இருந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று, இரண்டாவது தடவை ஊற்றச் சொல்லும்போது அக்காளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

மறுநாள் சம்பந்தியம்மாள் வந்தார். பெயர் பெரியநாயகி. ஒல்லியான உடம்பு, காதில் கனத்த தோடு, எதையும் விடாத கண். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அவருடைய கணவரும் கூட வந்தார். வந்தது முதல் போனது வரை வாய் திறக்கவில்லை. இஸ்தோப்பில் பாய் விரித்து உட்கார வைத்தோம். அக்கம்பக்கத்து லயத்துக்காரர்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள்.

"நீங்கதான் மாமனா? ஊருலருந்து நேரா வந்தீங்களா?"

"நேராக வரவில்லை, நானுஓயா போய்த் திரும்பி வந்தேன்" என்றேன். அக்காள் என் காலை மிதித்தாள்.

தட்டு வந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அந்த அம்மாள் வடகத் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டார். மேலே இருந்ததில் ஒன்றை எடுத்தார். பிட்டார். மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். என் மனைவி இந்தக் காட்சியைப் பார்க்கவில்லையே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"இது கடையில வாங்குனது" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அக்காளின் கால் மறுபடி என் கால் மேல் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. அந்த அம்மாள் கையை உள்ளே விட்டுக் குவியலின் அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். பிட்டார். முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"இந்தா! இதுதான் ஊரு வடகம். என்னா மணம்!" அதை எல்லாரிடமும் முகரக் கொடுத்தார். வாசலில் நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஊருலருந்து வந்தவங்க நீங்க, நீங்க சொல்லுங்க தம்பி. ஊருல வடகம் இப்படித்தான மணக்கும்?"

இப்படி ஒரு அநியாயம் உண்டா? இரவு பகலாக மடியில் சுமந்து வந்தது கடைச்சரக்கு. அக்காளின் அடுப்புப் புகையில் தொங்கியது ஊர்ச்சரக்கு. ஒரு எழுத்து தப்பாக இருந்தாலே தூக்கம் வராத ஆள் நான். இல்லை அம்மா, தப்பு, நீங்கள் ஊரையே பார்த்தது கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது செல்லம் தேத்தண்ணித் தட்டோடு கதவருகே வந்து நின்றாள். யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாசுகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

"ஆமாம்மா. ஊரில் இப்படித்தான் மணக்கும்" என்றேன்.

அதோடு விட்டாரா? "அப்ப மேல வச்சிருந்தது?"

"அது... தட்டு நிறையவேண்டும் என்று வழியில் கடையில் வாங்கிச் சேர்த்தது."

என் மனைவியின் காதில் இது விழுந்திருந்தால் எங்கள் குடித்தனம் அன்றோடு முடிந்திருக்கும். பெரியநாயகியம்மாள் தலையை ஆட்டினார். வெற்றிலைத் தட்டை எடுத்து அக்காளின் கையில் கொடுத்தார். யாரோ குலவை போட்டார்கள். செல்லம் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடிப்போய் அழுதாள். அக்காள் என் காலை விட்டாள்.

சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு சம்பந்தியின் வீட்டுக்காரர் குடை இல்லாமலே முன்னால் இறங்கிப் போய்விட்டார். அந்த அம்மாளை ரோடு வரை குடை பிடித்துக் கொண்டுபோய் விடும் வேலை எனக்கு வந்தது. மழைக்குக் குறைவில்லை. பேசினால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. பாதி வழியில் அவர் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே என் மனைவி உருட்டிய உருண்டைகளில் இரண்டு இருந்தன.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. இதுதான் நீங்க கொண்டாந்தது. தெரியும்."

நான் குடையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க அடுப்பு மேலயும் அதே மாதிரி தட்டு தொங்குதுங்க. எனக்குப் பொகை வாசம் தெரியாதா? பொகை இல்லாத வடகம் இந்த மலையில கெடையாது. கையில எடுத்த ஒடனே தெரிஞ்சுருச்சு, வெயில்ல காஞ்சதுன்னு."

"தெரிந்துகொண்டா அத்தனை பேர் முன்னால் கடையில் வாங்கியது என்றீர்கள்?" என்று வெடித்தேன். முகாம், கப்பல், பேனாக்கத்தி, நானுஓயா, பஸ்ஸின் பின்னால் ஓடியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் மழையில் நின்று முழுவதையும் கேட்டார்.

"வடகத்துக்காகவா உங்கள வரச் சொன்னேன்?" என்றார். "பிரஜாவுரிமை கேட்டோம், எங்களுக்கு இல்லேன்னுட்டாங்க. நீங்க இந்த நாட்டு ஆளு இல்லேங்கறாங்க. என்னைக்கு வந்து கப்பலேறும்பாங்களோ தெரியாது. போன வருசம் எங்க தோட்டத்துலருந்து ஒரு குடும்பம் ஊருக்குப் போச்சு. பெரியப்பன் மகன் வீட்டு வாசல்ல போயி மூட்டையோட நின்னாங்க. இவங்க யாருன்னு அக்கம்பக்கம் கேட்டதுக்கு, தெரியாதுன்னுட்டானாம். அவன் பொய் சொல்லல. பொறந்ததுலருந்து பாத்ததில்லையே, நெசமாவே அவனுக்குத் தெரியாது."

உருண்டைகளை மறுபடி முந்தானையில் வைத்து முடிந்துகொண்டார்.

"நெசம் பேசுற சொந்தத்த வச்சுக்கிட்டு நாங்க என்னா பண்றதுங்க? அதான், பொண்ணுக்காக நாலு பேரு முன்னால ஒரு பொய் சொல்ற மாமனான்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் இருந்தது, ஆனால் அதை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. ரோட்டுக்கு வந்துவிட்டோம். கீழே வளைவில் பஸ் முனகுகிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு எங்களக் கப்பலேத்திட்டா, உங்க வாசல்லதான் வந்து நிப்போம். நானு, அவரு, மகன், உங்க செல்லம், அவ பெத்த புள்ளைங்க. யாரு இவங்கன்னு கேட்டா எங்க ஆளுங்கதான்னு சொல்வீங்களா?"

எனக்கு எரிச்சல் பொங்கியது. அழுகையை நான் அப்படித்தான் மறைப்பது வழக்கம்.

"அம்மா, எங்கள் வீடு ஒரே அறை, ஒரு அடுப்படி" என்று கத்தினேன். "மழை பெய்தால் ஒழுகும். தண்ணீருக்குத் தெருக்குழாயில் சண்டை போடவேண்டும். என் மனைவிக்கு வாய் நீளம், அந்த உருண்டையைக் கடையில் வாங்கியது என்று நீங்கள் சொன்னது தெரிந்தால் உங்களைச் சும்மா விடமாட்டாள். வந்தால் எல்லாரும் நெருக்கித்தான் படுக்கவேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்!"

அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். பஸ் வந்து நின்றது. ஏறும்போது திரும்பி, "லயத்துல பொறந்தவங்களுக்கு நெருக்கிப் படுக்க நீங்க சொல்லித் தரணுமாக்கும்" என்றார்.